திங்கட்கிழமைக் காய்ச்சல்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள பிற நிறுவனங்களுக்கு வரும் அழைப்புகளைக் கையாளும் ஒரு பி.பி.ஓ. நிறுவனத்தில் டீம் லீடராக இருக்கிறேன். என் பொறுப்பில் 14 பேர். மில் நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து வாசித்துவரும் உரிமையில் இதை எழுதுகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை அதிகாலை 5 மணிக்கு, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்த ஒரு பெண், காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருப்பதால் வர இயலாது என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். எங்கள் நிறுவனத்தில் இதைத் தொலைபேசியில் அழைத்துத்தான் சொல்ல வேண்டும், செய்தி செல்லாது. திங்கட்கிழமைகளில் அழைப்புகள் அதிகம் என்பதால் அன்றைக்கு முன்கூட்டியே விடுப்புக் கேட்டால் கொடுப்பதும் இல்லை. அன்று ஏற்கெனவே இருவர் வரவில்லை. எரிச்சலில், ஆஸ்பத்திரியில் இருப்பது உண்மையென்றால் படம் எடுத்து அனுப்பு என்று எழுதிவிட்டேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது. கையில் ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. டெங்கு. அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த வாரத் திங்கட்கிழமையே ஓர் இளைஞர் வயிற்றுப்போக்கு என்று அழைத்துச் சொன்னார். முன்பு செய்ததை நினைத்து ஒரு கேள்வியும் கேட்காமல் உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன். மாலையில் அவர் மாமல்லபுரம் கடற்கரையில் நண்பர்களோடு நிற்கும் படத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்தேன்.

நான் யாரை நம்புவது? பொய் சொல்பவரைக் கண்டுபிடிக்க வழி உண்டா? அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டார், எப்போதும்போலத்தான் பேசுகிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளைவிட, போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. திங்கட்கிழமைக்கு முன்கூட்டியே விடுப்புக் கேட்டால் கொடுப்பதில்லை என்கிறீர்கள். அப்படியானால் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வேண்டியவருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஊரில் தங்கையின் திருமணத்தை முடித்துவிட்டு இரவுப் பேருந்தில் இடம் கிடைக்காதவருக்கும், சும்மா ஒருநாள் கடலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியவருக்கும் உங்கள் நிறுவனம் திறந்துவைத்திருக்கும் வாசல் நோய் ஒன்றுதான். மாமல்லபுரத்துக்குப் போன இளைஞர் அந்த வாசல் வழியாகத்தான் போயிருக்கிறார். அவர் சொன்னது பொய் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் "திங்கட்கிழமை நண்பர்களோடு கடற்கரைக்குப் போகிறேன், ஒருநாள் விடுப்பு வேண்டும்" என்று அவர் உண்மையையே சொல்லியிருந்தால் நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் என்பதை அவர் நன்றாக அறிவார்.

இந்தப் பழக்கம் அலுவலகத்தில் தொடங்குவதும் இல்லை. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ நாம் எல்லோரும் ஆங்கில விடுப்புக் கடிதம் ஒன்றை மனப்பாடம் செய்திருக்கிறோம். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை, பாட்டி இறந்ததற்கும் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போனதற்கும் வீட்டுப் பாடம் எழுதாததற்கும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் கொடுத்திருக்கிறோம். ஆசிரியரும் அதை நம்பாமலேயே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். காய்ச்சல் என்ற சொல் நம்மிடையே நோயின் பெயராக மட்டும் இருக்கவில்லை. சொல்ல விரும்பாத எல்லாக் காரணங்களுக்கும் போர்த்துகிற துணியாகவும் இருந்துவருகிறது.

1980களில் நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில், அதாவது வருகைப் பதிவு அலுவலகத்தில், எழுத்தராக இருந்தேன். தொலைபேசி வசதி யாரிடமும் இல்லாத காலமாதலால், வர முடியாதவர்கள் நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து இரண்டு வரி எழுதி, மகனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் சீட்டுகளில் முக்கால்வாசியில் காய்ச்சல் என்றுதான் இருக்கும். மூலநோய் என்று எழுதக் கூச்சம். மனைவிக்குக் கருக்கலைந்தது என்று எழுத மனம் வராது. சம்பள நாளில் மில் கேட்டில் வட்டிக்காரர் வந்து நிற்பார் என்பதை எழுதவே முடியாது. சில மாதங்களிலேயே கையெழுத்தைப் பார்த்து எது எந்தக் காய்ச்சல் என்று சொல்லக்கூடிய திறமை எனக்கு வந்துவிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். பொய்யைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா, அந்த வழி தெரிந்த ஒருவன் என்ன செய்தான் என்று சொல்கிறேன்.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பகுதியில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து அந்த மாதத்தில் மூன்றாவது சீட்டு வந்தது. அவர் குடிப்பவர் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். நான் அந்தச் சீட்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, பதிவேட்டில் தகவலின்றி வரவில்லை என்று எழுதினேன். அவருக்கு வந்திருந்தது மஞ்சள் காமாலை. இரண்டு நாள் கழித்து தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் டிஸ்பென்சரிக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதால் மருத்துவச் சான்று அன்றைய தேதியிலிருந்துதான் தொடங்கியது. முதல் இரண்டு நாட்களுக்கு என் பதிவுதான் சாட்சி. உடம்பு தேறி ஐந்து வாரம் கழித்து வந்தவரின் கையில், விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கப்பட்டது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சீட்டுகளை மகன்தான் எழுதுவான். மெமோவுக்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லி அவர் என்னிடமே வந்தார். "சார், நான் சீட்டு கொடுத்து அனுப்பினேன், அதை மட்டும் எழுதுங்க" என்றார். நானும் எழுதிக் கொடுத்தேன். சீட்டு இழுப்பறையில்தான் இருந்தது.

ஆனாலும் அந்த மில்லில் ஒரு விஷயம் உங்கள் அலுவலகத்தைவிடத் தெளிவாக இருந்தது. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் தினமும் சிலர் வரமாட்டார்கள் என்பதை ஆலை ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்காகவே பதிலிகள் இருந்தார்கள். ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் டிபன் பாத்திரத்தோடு கேட்டில் நின்றுகொண்டிருப்பார்கள். வராதவர்களின் இடத்துக்கு அவர்களில் சிலரைக் கூப்பிடுவோம், மீதிப் பேர் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். இது கருணையான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். ஒருவரின் காய்ச்சல்தான் இன்னொருவரின் அன்றைய கூலி என்பதும், பல வருடம் பதிலியாகவே நின்று நிரந்தரமாகாமல் போனவர்கள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் வராவிட்டால் மேஸ்திரிக்குக் கோபம் வராது. கேட்டில் ஆள் இருந்தது.

உங்கள் துறையிலும் இந்தக் கணக்கு உண்டு, அதற்கு ஷ்ரிங்கேஜ் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். விடுப்பு, நோய், பயிற்சி என்று எத்தனை பேர் இருக்கையில் இருக்கமாட்டார்கள் என்பதை முன்பே சதவீதமாகப் போட்டு அதற்கேற்ப ஆட்களை எடுப்பதாகத் திட்டம். கோவையில் அந்தப் பதிலி கேட்டில் நின்ற மனிதர். உங்களிடம் அது அட்டவணையில் ஓர் எண். எண்ணைக் குறைவாகப் போட்டுவிட்டு, அதைத் தாண்டினால் டீம் லீடரின் ஊக்கத்தொகையிலும் மதிப்பீட்டிலும் கை வைப்பார்கள் என்றால், காலை 5 மணிக்கு வரும் காய்ச்சல் செய்தி உங்கள் சம்பளத்துக்கு எதிரான செய்தியாகத்தான் உங்கள் கண்ணில் படும். அன்று மூன்று பேர் இல்லாமல் 11 பேரை வைத்துக்கொண்டு திங்கட்கிழமையைத் தள்ள வேண்டியிருந்தது. அதற்கு அந்தப் பெண் காரணமில்லை. ஆனால் மேலே இருப்பவரிடம் படம் எடுத்து அனுப்பு என்று உங்களால் எழுத முடியாது, அந்தப் பெண்ணிடம் எழுத முடியும்.

சட்டம் இதில் உங்கள் நிறுவனத்தைவிடத் தாராளமாகவே இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஓராண்டு பணி முடித்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையைத் தருவதோடு, முதல் ஆண்டிலிருந்தே நோய்க்காக 12 நாளும் தகுந்த காரணம் எதற்கும் 12 நாள் தற்செயல் விடுப்பும் ஊதியத்தோடு தருகிறது. நான்கு மாதமே ஆனவர் என்று நீங்கள் குறிப்பிட்டதில் ஒரு தயக்கம் தெரிந்ததால்தான் இதைச் சொல்கிறேன். நோய் விடுப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. (நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை இதே சட்டம் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. டீம் லீடர் அதில் சேருவாரா என்று உங்கள் மனிதவளத் துறையிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், உங்களுக்கும் காய்ச்சல் வரும்.)

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. தகுதியான காலத்துக்குச் சந்தா செலுத்தியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. பொய்யைத் தடுக்கத்தான் இப்படி விதி வைத்தார்கள் என்று எங்கள் டைம் ஆபீஸில் சொல்வார்கள். நான் கண்ட விளைவு வேறு. ஒரே நாளில் தேறக்கூடியவர் கூலி போய்விடும் என்று காய்ச்சலோடு வந்து நின்றார். இரண்டு நாள் கூலி எப்படியும் போய்விட்டது என்றானவர், மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சேர்த்தே இருந்துவிட்டு வந்தார். உங்களிடம் மாதம் முழுவதும் வந்தால் அட்டென்டன்ஸ் போனஸ் என்று ஏதாவது இருக்குமானால் அதையும் கவனித்துப் பாருங்கள். மூன்றாம் தேதியே ஒருநாள் தவறவிட்டவருக்கு மீதி மாதத்தில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை, 28ஆம் தேதி காய்ச்சல் வந்தவரோ இருமிக்கொண்டே வந்து பக்கத்து இருக்கைக்காரருக்கும் கொடுத்துவிட்டுப் போவார்.

மேலாளர்கள் யாரும் சான்று கேட்காத நோய் ஒன்று நம் ஊரில் உண்டு, அது மெட்ராஸ் ஐ. சிவந்த கண்ணோடு ஒருவர் வாசலில் நின்றாலே, "நீ முதலில் வீட்டுக்குப் போ" என்று மேலாளரே அனுப்பிவைப்பார். அங்கே அவர் நம்புவது ஊழியரை அல்ல, தன் கண்ணை. மூட்டுவலியும் ஒற்றைத் தலைவலியும் மாதவிடாய் வலியும் மனச்சோர்வும் இப்படி வெளியே தெரியாத குற்றத்துக்காகவே விசாரிக்கப்படுகின்றன.

டெங்குவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் குழுவிலேயே இன்னும் சிலருக்கு வரக்கூடும். அதில் காய்ச்சல் விடுகிற நேரம்தான், அதாவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகக்கூடிய நேரம். "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, நாளைக்கு வந்துவிடு" என்று நல்ல எண்ணத்தில் சொல்கிற மேலாளர், அறியாமலேயே ஆபத்தான நாளில் ஒருவரைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறார். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு முதல் நாளே சான்று கேட்பதும் ஏறக்குறைய இதைப் போன்றதுதான். படுத்துத் தூங்க வேண்டியவரை இரண்டு சக்கர வண்டியில் கிளினிக் வாசலுக்கு அனுப்பி, வரிசையில் உட்காரவைத்து, ஆலோசனைக் கட்டணத்தையும் செலவழிக்க வைக்கிறீர்கள். ஜெர்மனியில் பொதுவாக நோய் மூன்று நாளைத் தாண்டினால்தான் சான்று தேவைப்படும். அந்தச் சான்றிலும் முதலாளிக்கு என்ன நோய் என்று தெரிவிக்கப்படுவதில்லை, எத்தனை நாள் வரமாட்டார் என்பது மட்டும்தான். சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒருநாள் காய்ச்சலுக்கும் 'எம்.சி.' எனும் மருத்துவச் சான்று வாங்க ஓடுகிறார்கள். அதனால் அங்கே பொய் குறைந்துவிட்டது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஆகவே காலையில் அழைப்போ செய்தியோ வரும்போது உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டே தகவல்கள்: எத்தனை நாள் ஆகும், கையில் அவசரமாக ஏதாவது வேலை நிற்கிறதா. இதற்கு வாட்ஸ்அப்பே போதும். குரலைக் கேட்டுத்தான் நம்புவேன் என்பது, உண்மையிலேயே முடியாதவரைப் பேச வைப்பதோடு, முடிகிறவரைக் குரலைக் கம்மவைத்து நடிக்கவும் பழக்குகிறது. ஒருவர் அடிக்கடி வராமல் போகிறார் என்று தோன்றினால் அதை அந்தக் காலையில் பேசாதீர்கள். அவர் திரும்பி வந்து இரண்டு நாள் ஆனபின் தனியாக உட்காரவைத்து, மூன்று மாத வருகையை முன்னால் வைத்துக்கொண்டு, வீட்டில் என்ன சிக்கல் என்று கேளுங்கள். மாமல்லபுரத்து இளைஞரை இந்தமுறை விட்டுவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் ஊழியர்களைப் பின்தொடர்வதையும் விட்டுவிடுவது உங்களுக்கே நிம்மதி. அதற்குப் பதிலாகத் திங்கட்கிழமைக்கு இரண்டு பேர் வரை முன்கூட்டியே விடுப்புக் கேட்கலாம் என்று ஒரு ஏற்பாடு செய்ய முடியுமா என்று உங்கள் மேலாளரிடம் பேசிப் பாருங்கள். அவர் முடியாது என்றால், அடுத்த திங்கட்கிழமைக் காய்ச்சலுக்கு யார் மேல் கோபப்படுவது என்பதாவது உங்களுக்குத் தெளிவாகிவிடும்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். அவர் எப்போதும்போலப் பேசுகிறார் என்பதை அவர் மறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஒருவரால் வேறு எப்படிப் பேச முடியும்? மெமோவுக்கு விளக்கம் எழுதச் சொல்லி வந்தவரும் என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினார், நான் உண்மையைச் சொல்லாமலேயே ஓய்வு பெற்றுவிட்டேன். குழுவின் முன்னால் வேண்டாம், செய்தியிலும் வேண்டாம். காரணம் எதையும் சேர்க்காமல், அன்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று நேரில் ஒரு வரி சொன்னால் போதும். அந்த ட்ரிப்ஸ் படம் இன்னும் உங்கள் கைபேசியில் இருக்குமானால், அதை அழித்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள்.