பால் கொடுக்கும் மாதங்களுக்குப் பனியன் துணி டாப்: வீட்டு மிஷினே போதும்

குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது, பழைய சுடிதார் எதுவும் சேரவில்லை, சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும், ரவிக்கையும் சுடிதாரும் தைக்கத் தெரியும், பனியன் துணியில் பால் கொடுக்க வசதியான டாப் தைக்க வீட்டு மிஷின் போதுமா, இல்லை ஓவர்லாக் (வெட்டிய ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் மிஷின்) வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போதும். நான் திருப்பூர்க்காரி. மகளுக்குப் பால் கொடுத்த காலம் முழுக்க நானே தைத்த பனியன் துணி டாப்புகளைத்தான் போட்டேன், ஆபீசுக்கும் அதுதான். மிஷினைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, துணி வாங்குவதில் கவனம் வையுங்கள். ஒரு பனியன் டாப் உடம்புக்கு இதமாக இருக்குமா இல்லையா என்பது கத்தரி வைப்பதற்கு முன்பே, துணிக்கடையிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்த மாதங்களில் உடம்பு ஒரே நாளில் இரண்டு அளவில் இருக்கும். விடிகாலையில் பால் கட்டி மார்பு விம்மி நிற்கும். குழந்தை குடித்து முடித்ததும் அளவு குறைந்துவிடும். வயிறு மெதுவாக உள்ளே போகும். சிசேரியன் ஆனவர்களுக்கு இடுப்பில் எது அழுத்தினாலும் பிடிக்காது. டாட் (உடம்பு வளைவுக்காக மடித்துப் போடும் தையல்) பிடித்து அளவாகத் தைக்கும் நெய்த துணி ஒரே ஒரு உடம்பு அளவுக்குத்தான் சரியாக இருக்கும். பனியன் துணி பின்னிய துணி. கண்ணிகள் விரிந்து கொடுத்துத் திரும்பச் சுருங்கிக்கொள்ளும். அதனால் உடம்பு பழைய அளவுக்கு வரட்டும், அப்புறம் தைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். இப்போதுதான் நல்ல உடுப்பு தேவை.

சரி, துணிக்கு வருவோம். கடையில் மூன்று வகை கேட்கலாம். சிங்கிள் ஜெர்சி என்பது சாதாரண டி-ஷர்ட் துணி. மெல்லியது, காற்றோட்டமானது, ஆனால் வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். இன்டர்லாக் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கொஞ்சம் கனம், ஓரம் சுருளாது. ரிப் வரிவரியாக மேடும் பள்ளமுமாகப் பின்னியது, நன்றாக விரியும். கழுத்துப் பட்டிக்கும் கை ஓரத்துக்கும் அதுதான். முதல் டாப்புக்கு நான் இன்டர்லாக்கைத்தான் சொல்வேன். மேஜையில் விரித்தால் அசையாமல் கிடக்கும், வெட்டவும் தைக்கவும் சிரமம் தராது. கை பழகியதும் சிங்கிள் ஜெர்சிக்குப் போகலாம்.

கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. நம் ஊர் வெயிலுக்கு சிங்கிள் ஜெர்சியில் 160 முதல் 180, இன்டர்லாக்கில் 200 பக்கம் போதும். 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா கலந்தது கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பாலியஸ்டர் வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது, குழந்தையின் கன்னம் மணிக்கணக்கில் அதன்மேல்தான் இருக்கப்போகிறது. விஸ்கோஸ் பார்க்க வழவழவென்று அழகாக விழும், ஆனால் நனைந்தால் கனத்து நீண்டுவிடும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். துணியின் நடுவில் மடித்து 10 சென்டிமீட்டரை இரு கையாலும் பிடித்து அகலவாக்கில் இழுங்கள். சிரமமில்லாமல் 13, 14 வரை வர வேண்டும். விட்டதும் 10-க்கே திரும்ப வேண்டும். எவ்வளவு விரிகிறது என்பதைவிட, திரும்புகிறதா என்பதுதான் முக்கியம். திரும்பாத துணியில் தைத்தால் இரண்டாவது வாரமே கழுத்து தொங்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஊசிக் கோடு (பின்னும்போது நீளவாக்கில் விழும் கோடு), ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பனியன் துணியில் ஒரு சின்ன ஓட்டை துவைக்கத் துவைக்கப் பெரிதாகிக்கொண்டே போகும்.

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத் துணியைக் கிலோ கணக்கில் வாங்கலாம். 180 ஜிஎஸ்எம் துணி, விரித்தால் 72 அங்குல அகலம் என்றால், ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வரும். வெட்டுவதைப் பொறுத்து மூன்று நான்கு டாப்புகள் ஆகும். மீட்டர் கணக்கில் விற்கும் கடையோடு ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்ததும் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். காட்டன் பனியன் துணி நீளத்தில் மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் வரைகூடச் சுருங்கும். இன்னொன்றையும் துவைத்தால்தான் கண்டுபிடிக்க முடியும். சில சிங்கிள் ஜெர்சி துணிகள் நூலின் முறுக்கால் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். அதில் தைத்தால் பக்கத் தையல் வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். கடையில் வாங்கிய மலிவு டி-ஷர்ட்டுகளில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். துவைத்த துணியில் மேலிருந்து கீழே ஓடும் கண்ணி வரிசையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அதற்கு நேராகப் பேட்டர்னை வையுங்கள். இன்டர்லாக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஈரத் துணியைக் கிளிப் போட்டுத் தொங்கவிடாமல், கொடியில் பாதியாக மடித்துப் போடுங்கள்.

அளவெடுப்பதில் சுடிதார் கணக்கைக் கொஞ்சம் மறக்க வேண்டும். சுடிதாருக்கு மார்புச் சுற்றளவோடு 3, 4 அங்குலம் தாராளமாகச் சேர்ப்போம். இங்கே 2 அங்குலம் போதும். ஆனால் பால் நிறைந்திருக்கும் நேரத்தில் அளவெடுங்கள். வயிற்றுக்கும் இடுப்புக்கும் 4 அங்குலத்துக்குக் குறையாமல் சேர்த்து, அக்குளுக்குக் கீழே இருந்தே மெல்லச் சரித்து ஏ-லைனாக விடுங்கள். முன்பக்க நீளத்தை மட்டும் ஒரு அங்குலம் கூட்டி வெட்டினால் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்காது. டாட் தேவையில்லை. பிரித்துவிடலாம் என்று உள்ளே ஒரு அங்குலம் துணி விடும் வழக்கமும் வேண்டாம். அரை அங்குலத்துக்கு உள்ளேயே தையல் இருக்கட்டும். நன்றாகப் பொருந்திய பழைய டி-ஷர்ட் ஒன்று இருந்தால் அதைச் செய்தித்தாளில் வைத்து வரைந்தே பேட்டர்ன் எடுத்துவிடலாம்.

அடுத்து பால் கொடுக்கும் வழி. நைட்டிகளில் வருவதுபோல் இரு பக்கமும் ஜிப் வைப்பது பனியன் துணிக்கு ஒத்துவராது. ஜிப் விரியாது, துணி விரியும், அந்த இடம் அலை அலையாகச் சுருங்கும். குழந்தையின் முகத்திலும் உரசும். குறுக்குக் கழுத்து டாப் அழகுதான், ஆனால் குனிந்தால் திறந்துகொள்கிறது. எனக்கு ஒத்துவந்தது இரண்டடுக்கு முன்பக்கம்.

அதை இப்படி வெட்டுங்கள். முன்பக்கத்தையே இரண்டு முறை வெட்ட வேண்டும். மேல் துண்டு சாதாரண டாப் மாதிரிதான், ஆனால் நீளம் குறைவு: பிராவின் அடிப்பட்டை உட்காரும் கோட்டுக்குக் கீழே 3 அங்குலத்தில் முடிந்துவிடும். உள் துண்டு முழு நீளம். அதில் கைக்குழியின் நடுவிலிருந்து ஆரம்பித்து உள்நோக்கி வளைத்து வெட்டி, அதே அடிப்பட்டைக் கோட்டில் மறுபடி பக்கத் தையலுக்கு வெளியே கொண்டு வாருங்கள். இரு பக்கமும் இப்படி வெட்டியதும் நெஞ்சு நடுவில் 5 அங்குல அகலத்துக்கு ஒரு பட்டைதான் மிஞ்சும். அது மேலே போய்க் கழுத்தோடும் தோளோடும் சேரும். வளைந்த ஓரத்தை ரிப் பட்டியால் கட்டுங்கள். இன்டர்லாக் என்றால் அப்படியே விட்டாலும் பிரியாது. மேல் துண்டின் அடியை மடித்துத் தைத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கழுத்து, தோள், கைக்குழி, பக்கம் எல்லா ஓரத்திலும் ஓடுதையல் போட்டு இணைத்துவிட்டால், அப்புறம் ஒரே துணியாக நினைத்துத் தைக்கலாம். பால் கொடுக்கும்போது மேல் துண்டைத் தூக்கினால் போதும். வயிறு தெரியாது, முதுகும் தெரியாது.

6, 10, 14 வாரத் தடுப்பூசி நாட்களில் இந்த டாப்பின் அருமை எனக்குத் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரம்பி வழியும் பெஞ்சு, ஊசி வலியில் வீறிடும் குழந்தை. மறைவிடம் தேடாமல், துப்பட்டாவோடு மல்லுக்கட்டாமல், உட்கார்ந்த இடத்திலேயே அவளை மார்போடு சேர்த்துக்கொள்ள முடிந்தது. அந்த நிம்மதிக்காகவே இதைத் தைக்கலாம். மார்பில் இரண்டு அடுக்கு இருப்பதால் பால் கசிந்தாலும் சட்டென்று வெளியே தெரியாது. வெக்கையாக இருக்கும் என்று தோன்றினால் மேல் துண்டை மட்டும் மெல்லிய ஜெர்சியில் வெட்டுங்கள்.

தைப்பதற்கு, உஷா ஜனோம் மாதிரி ஜிக்ஜாக் உள்ள எந்த வீட்டு மிஷினும் போதும். ஊசியை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். பால் பாயின்ட் (ball point) ஊசி என்று கேளுங்கள், மெல்லிய துணிக்கு 11, கனத்துக்கு 14. சாதாரண ஊசியின் கூர் முனை நூலையே குத்தி அறுக்கும். துணி ஊசியோடு சேர்ந்து மேலும் கீழும் போவதால் அடியில் வளையம் சரியாக விழாமல் தையல் விட்டுவிட்டுப் போகும். பால் பாயின்ட் ஊசியின் முனை மழுங்கலாக இருப்பதால் கண்ணிகளை விலக்கிக்கொண்டு நடுவே இறங்கும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். காட்டன் நூல் இழுத்தால் அறுந்துவிடும். ஜிக்ஜாக் அகலம் 1, நீளம் 2.5 வையுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க முடிந்தால் குறைத்துவிடுங்கள்.

எங்கள் வீதியில் பேட்லாக் (டி-ஷர்ட்டின் அடி மடிப்பு தைக்கும் மிஷின்) ஓட்டும் அக்கா ஒருவர், நான் தைப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "துணிய இழுக்காத கண்ணு, அது போற போக்குல போகட்டும். நீ கையில தாங்கி மட்டும் குடு." நெய்த துணியில் பின்னாலிருந்து லேசாக இழுத்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. இதில் இழுத்தால் இழுத்த அளவிலேயே தையல் விழுந்து, ஓரம் நெளிந்துவிடும். தோள் தையலில் மட்டும் மெல்லிய பருத்தி நாடா ஒன்றைச் சேர்த்துத் தையுங்கள். குழந்தை பிடித்துத் தொங்கினாலும் தோள் இறங்காது.

கழுத்துப் பட்டிதான் டாப்புக்கு முகம். கழுத்துச் சுற்றளவை டேப்பை நிமிர்த்தி வைத்து அளந்து, அதில் 85 சதவீத நீளத்துக்கு ரிப் வெட்டுங்கள். 24 அங்குலக் கழுத்துக்கு 20 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அகலம் 2 அங்குலம். வளையமாக இணைத்து, நீளவாக்கில் மடித்து, பட்டியையும் கழுத்தையும் தனித்தனியாக நான்கு சம பாகமாக்கி குண்டூசியால் அடையாளம் வைத்து, அந்த நாலு இடத்தையும் சேருங்கள். தைக்கும்போது பட்டி மேலே இருக்கட்டும். அதை மட்டும் கழுத்து அளவுக்கு விரித்துக்கொடுங்கள், கழுத்தை விரிக்கவே கூடாது. முடித்ததும் கொஞ்சம் நெளிந்த மாதிரிதான் தெரியும். மேலே ஈரத் துணி போட்டு அயர்ன் பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள், படிந்துவிடும். அடி மடிப்புக்கு இரட்டை ஊசி கிடைத்தால் கடைத் தையல் போலவே வரும். இல்லாவிட்டால் ஜிக்ஜாக்கே போதும்.

நிறத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சாம்பல் மெலாஞ்ச் (வெளிர், அடர் இழை கலந்த) துணியில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் கறுத்துத் தெரியும். ஆபீசுக்கு அடர் நீலம், மெரூன், பொடிப் பூப் பிரிண்ட் எடுங்கள். பால் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள். வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிரசவத்திலிருந்து தொடங்கிய 26 வார மகப்பேறு விடுப்பில் இருக்கிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஒரே பேட்டர்னில் மூன்று நான்கு டாப்புகளை ஒரே மூச்சில் வெட்டி வைத்துவிட்டு, குழந்தை தூங்கும் நேரத்தில் ஒரு தையல், இரண்டு தையல் என்று நகர்த்துங்கள்.

ஓவர்லாக்கை இப்போது வாங்க வேண்டாம். பனியன் துணி நெய்த துணி மாதிரி நூல் நூலாகப் பிரியாது, அதனால் உள் ஓரத்துக்கு ஓவர்லாக் அவசியமே இல்லை. உங்களிடம் இருப்பது ஜிக்ஜாக் இல்லாத பழைய கறுப்பு மிஷின் என்றால், பக்கத் தையலைச் சின்னத் தையலாக அதிலேயே போட்டுவிட்டு, கழுத்தையும் அடி மடிப்பையும் பேட்லாக் மிஷின் வைத்திருக்கும் தையல்காரரிடம் பீஸுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடுங்கள். ஓவர்லாக்குக்குப் போகும் பணத்தை நல்ல துணியில் போடலாம்.