கார்ல் ஹையாசன்: பத்தியும் குற்ற நாவலும் – கேள்வி பதில்

ஹட்டன் வாசகி: இவர் நாவலாசிரியரா, பத்திரிகையாளரா?

முதலில் பத்திரிகையாளர். 1953இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிறந்து, 1976இல் 'மியாமி ஹெரால்ட்' நாளிதழில் சேர்ந்தார். புலனாய்வுச் செய்திகள் எழுதினார். 1985இல் பத்தி, அதாவது தம் பெயரில் தொடர்ந்து வரும் கருத்துக் கட்டுரை, எழுதத் தொடங்கினார். சக பத்திரிகையாளர் ஒருவருடன் சேர்ந்து மூன்று நாவல்கள் எழுதிய பிறகு, தனித்து எழுதிய 'டூரிஸ்ட் சீசன்' 1986இல் வந்தது. சுற்றுலாப் பயணிகளை விரட்டக் கொலை செய்யும் கும்பலின் தலைவன் அதில் ஒரு பத்தி எழுத்தாளன்! 2018இல் இவருடைய தம்பி ராப், தாம் பணியாற்றிய நாளிதழ் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் 2021 வரை அண்ணன் பத்தியை விடவில்லை. அந்த நெஞ்சுரத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

பண்டாரவளை வாசகர்: கொலையில் நையாண்டி எதற்கு ஐயா?

செத்தவரைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை. பேராசைக்காரனைத்தான் சந்தி சிரிக்க வைக்கிறார். 'டபுள் வாமி' நாவலில் மீன்பிடிப் போட்டியில் மோசடி நடக்கிறது. அடியாளின் கையைக் கவ்விய நாய் செத்த பிறகும் தலை மட்டும் பிடியை விடுவதில்லை. அதைச் சுமந்துகொண்டே அவன் அலைகிறான். படிக்கும்போது குமட்டும், சிரிப்பும் வரும். விலைபோக மறுத்துப் பதவியைத் துறந்து காட்டுக்குள் போய்விட்ட முன்னாள் ஆளுநர் ஸ்கிங்க் அறிமுகமாவதும் இதில்தான். வீதியில் வாகனம் மோதிச் செத்த பிராணிகளைச் சமைத்து உண்பவர் அவர்.

தலவாக்கலை இளைஞர்: மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு எங்கள் செயின்ட் கிளேர் அருவி மெலிந்துவிட்டது. இப்படி எழுதலாமா?

கட்டாயம் எழுதுங்கள் தம்பி. ஆனால் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அருவிக்கு எந்த நேரத்தில் தண்ணீர் விடுகிறார்கள், லயன்களிலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இடம்பெயர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். ஹையாசனின் நாவல்களுக்கு உரம், செய்தியாளராக அலைந்து அவர் சேர்த்த விவரங்கள்தான். விவரம் பிசகினால் நையாண்டி வெறும் வசவாகிவிடும். பத்திரிகையையும் தொழிற்சங்கத்தையும் இரு கைகளிலும் ஏந்திய கோ. நடேசய்யர் நம் மலையகத்தில் வாழ்ந்தவர் அல்லவா?

நுவரெலியா ஆசிரியை: பத்தாம் தர மாணவர்களுக்கு எது பொருந்தும்?

'ஹூட்'. 2002இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி கௌரவ விருது பெற்றது. நிலத்தில் வளை தோண்டி வாழும் ஆந்தைகள் இருக்கும் காணியில் உணவகம் கட்ட வருகிறார்கள். நில அளவைக் குச்சிகளை ஒரு சிறுவன் பிடுங்கி எறிகிறான்; தற்காலிகக் கழிப்பறைகளில் முதலைக் குட்டிகளை விடுகிறான். ஆங்கிலமும் எளிது. பெரியவர்களுக்கான நாவல்களை இந்த வயதில் கொடுக்க வேண்டாம்.