சரிபாதியில்லாத பங்கு

அன்புள்ள ஐயா,

1971இல் வந்த ‘ஸ்கின் கேம்’ படத்தை அண்மையில் பார்த்தேன். வெள்ளைக்காரனும் கறுப்பனுமாக இரண்டு எத்தர்கள். ஒருவன் மற்றவனைத் தன் அடிமையென்று சொல்லி விற்பான், பிறகு மீட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுவான். பணம் ஆளுக்குப் பாதி. முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன், போகப்போகக் கூச்சமாகிவிட்டது. அடிமைச் சந்தையை வைத்துச் சிரிக்கவைப்பது சரியா?

க.

அன்புள்ள க.,

சரி என்றே நினைக்கிறேன். இந்தப் படம் அடிமையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனை வாங்க வந்து பணத்தைப் பறிகொடுப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆனால் உங்களுக்கு வந்த கூச்சமும் நியாயமானது. அதைக் கொண்டுவருவதற்காகவே படம் அவ்வளவு நேரம் சிரிக்கவைக்கிறது.

கதை நடக்கும் ஆண்டு 1857, இடம் மிசௌரியும் கான்சாஸும். அந்த ஆண்டு மார்ச்சில்தான் டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்காட்டும் மிசௌரியில் அடிமையாக இருந்தவர். அடிமைமுறை இல்லாத மண்ணில் வாழ்ந்ததால் தனக்கு விடுதலை உண்டு என்று வழக்காடினார். கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களே அல்ல, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவே அவருக்கு உரிமை கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம் இன்னும் கொடியது. பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கும் ஆணையருக்கு, ஆளை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டாளிகளைப் பாருங்கள். கறுப்பனான ஜேசன் நியூ ஜெர்சியில் பிறந்தவன், பிறவியிலேயே சுதந்திரமானவன், படித்தவன். குட்டு வெளிப்பட்டால் வெள்ளைக்காரனான குவின்சிக்குச் சிறை கிடைக்கலாம். ஜேசனுக்கோ உயிருள்ளவரை அடிமை வாழ்வு. பணத்தைச் சரிபாதியாகப் பிரித்தவர்கள் ஆபத்தை அப்படிப் பிரிக்கவில்லை. அதனால்தான் ஜேசனுக்கு இதை நிறுத்திவிட வேண்டுமென்று தோன்றுகிறது, குவின்சிக்கு இன்னும் சில ஊர்கள் பாக்கியிருப்பதாகத் தோன்றுகிறது. குவின்சி கெட்டவன் இல்லை, நண்பனை உண்மையாகவே நேசிக்கிறான். அப்படி நேசித்தும் அவன் நிற்கும் இடம் அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது.

குவின்சியாக நடிக்க ஜேம்ஸ் கார்னரைத் தேர்ந்தெடுத்தது பெரிய கெட்டிக்காரத்தனம். 1957இல் தொடங்கிய ‘மேவரிக்’ தொலைக்காட்சித் தொடரிலிருந்தே அவரை இனிய சூதாடியாக மக்களுக்குப் பிடிக்கும். அவர் பேசினால் நாமும் சம்மதித்துவிடுவோம். எட் ஆஸ்னர் நடித்த அடிமை வியாபாரி பிளங்கெட் வரும்போது அந்தச் சம்மதம் உடைகிறது. ஜேசன் நிஜமாகவே விற்கப்படுகிறான், டெக்சாஸ்வரை போகிறான்.

இது கற்பனைக்கு எட்டாத சங்கதியும் அல்ல. நியூயார்க் மாநிலத்தின் சாலமன் நார்த்தப் அடிமையல்லாத குடும்பத்தலைவர், பிடில் வாசிப்பவர். 1841இல் இரண்டு எத்தர்கள் சர்க்கஸில் வாசிக்க வேலை தருவதாக அவரை வாஷிங்டனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்து அடிமையாக விற்கப்பட்டு, 1853இல்தான் வீடு திரும்பினார்.

படத்தில் எனக்குக் குறைகளும் உண்டு. பிரெண்டா சைக்ஸ் நடித்த நவோமிக்கு ஜேசனைக் காதலிப்பதைத் தவிர அதிக வேலை தரவில்லை. பிறந்ததிலிருந்து அடிமையாக இருக்கும் அவளுக்கு, அடிமையாக நடித்துப் பணம் பார்த்த ஒருவனிடம் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். அடிமைமுறையை ஆயுதமேந்தி எதிர்த்த ஜான் பிரவுன் ஏலத்துக்குள் புகும் காட்சியும் விறுவிறுப்போடு நின்றுவிடுகிறது. நிஜ பிரவுன் 1858 டிசம்பரில் மிசௌரிக்குள் புகுந்து 11 பேரை மீட்டு, குளிர்காலத்தில் கனடாவரை கொண்டுபோக ஏற்பாடு செய்தவர்.

இன்னொரு முறை பார்ப்பதானால் விற்பனைக் காட்சிகளில் கார்னரை விட்டுவிட்டு ஜேசனாக நடித்த லூ காசெட்டின் முகத்தையே பாருங்கள். அடிமைக் குடும்பமொன்றின் கதையைச் சொல்லும், பின்னர் அவர் நடித்த ‘ரூட்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் என்ன செய்யக்கூடியவர் என்பது அங்கே தெரிகிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.