மணல் ஒழுங்கைக்கு எந்தப் பாதை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஒழுங்கை 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம். கீழே முழுக்கக் கடற்கரை மணல். போட்ட தார் இரண்டு மாரியிலேயே கிளம்பிவிட்டது. இன்டர்லொக் கல் பதித்தால் நிற்குமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: நிற்கும், விளிம்பைக் கட்டினால். கடற்கரை மணலை இறுக்கி அடைத்து வைத்தால் நன்றாகச் சுமை தாங்கும், தண்ணீரையும் கீழே விட்டுவிடும். பக்கம் திறந்திருந்தால் சில்லு ஏற ஏற வெளியே நழுவும். விளிம்பு உடைந்து, அந்த வழியாக மழைநீர் உள்ளே இறங்கும். மணல் ஒழுங்கைகளில் தார் பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகிறது. இன்டர்லொக்குக்கும் அதே கதிதான். ஆகவே முதற்காசை இரு பக்கமும் கொங்கிறீட்டில் புதைக்கும் கேர்ப் (விளிம்பு) கல்லுக்கு ஒதுக்குங்கள். அது இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மணலை நனைத்து ரோலர் விடுங்கள்; காய்ந்த மணல் இறுகாது. மேலே ஜியோடெக்ஸ்டைல் (நீரை விட்டு மணலைத் தடுக்கும்) துணி விரியுங்கள், இல்லாவிட்டால் மேலே போடும் சல்லி மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கும். அதன்மேல் ஏபிசி கலவை (அடித்தளத்துக்கான சல்லியும் கல்தூளும்), இறுகிய பின் 150 மி.மீ. உங்கள் ஒழுங்கைக்கு 45 கனமீற்றர். தளர்வாக வாங்கும்போது ஏறத்தாழ 20 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). தண்ணீர் ஓடுவதற்கான சாய்வை இந்தப் படையிலேயே எடுத்துவிடுங்கள்: 3 மீற்றர் அகலத்துக்கு 7.5 செ.மீ.

படுக்கை மணல் 30 மி.மீ. போதும், சுமார் 4 கியூப். மகாவலி ஆற்றுமணல் நல்லது. கடல்மணல் ஒரே அளவான துகள், சரியாக இறுகாது. அதன் உப்பு கல்லின்மேல் வெள்ளையாகப் பூக்கும். அடித்தளத்துப் பள்ளத்தை இந்த மணலால் நிரப்பி மட்டம் பார்க்க விடாதீர்கள். தடிப்பாக மணல் போட்ட இடம் முதல் லொறியிலேயே தாழும்.

கல் 80 மி.மீ. தடிப்பு வேண்டும், லொறி ஏறும் வழிக்கு 60 மி.மீ. போதாது. 200க்கு 100 மி.மீ. கல்லென்றால் சதுர மீற்றருக்கு 50, மொத்தம் 15,000. வெட்டுக்கும் உடைவுக்கும் 750 கூட்டிக்கொள்ளுங்கள். மீன்முள் வடிவில் அடுக்கினால் பிரேக் பிடிக்கும்போது கல் நகராது. பிளேட் கொம்பாக்டரால் (அதிரும் தட்டு இயந்திரம்) அமுக்கி, இடுக்குகளில் காய்ந்த நுண்மணலைக் கூட்டி நிரப்பி, மறுபடி அமுக்குங்கள். இடுக்கில் சீமெந்து வேண்டாம்: வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய நீர் வெளியேறாது. முதல் மாரியில் இடுக்கு மணல் இறங்கும். மறுபடி நிரப்ப ஒரு மூடை மணலை ஒதுக்கி வையுங்கள். பின்னர் தண்ணீர்க் குழாய்க்காக வெட்ட நேர்ந்தாலும் அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம். தாரிலும் கொங்கிறீட்டிலும் இது முடியாது.

கேள்வி: கழிவுப் பொலித்தீனைத் தாரில் கலந்து வீதி போடலாம் என்கிறார்களே, எங்கள் சங்கமே செய்ய முடியுமா?
– வாசகர், மூதூர்

பதில்: முறை உண்மையானது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கியது; 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பொலித்தீனை 2 முதல் 5 மி.மீ. துண்டுகளாக்கி, 160–170 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள கல்லின்மேல் தூவுவார்கள். அது உருகிக் கல்லை மூடிய பிறகே தார் சேரும். அளவு தாரின் எடையில் 8 வீதம் வரை: 5 கிலோ தாருக்கு 400 கிராம்.

தார்ப் பீப்பாவை விறகில் கொதிக்கவைக்கும் வேலையில் இதைச் செய்யாதீர்கள். சூட்டை அங்கே கட்டுப்படுத்த முடியாது. பீவிசி (தண்ணீர்க் குழாய் செய்யும் பிளாஸ்டிக்) கலந்துவிட்டால் ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும். அது நுரையீரலை அரிக்கும். சங்கம் செய்யக்கூடியது, பொலித்தீனைத் தரம்பிரித்து, கழுவி, காயவைத்து, சூட்டுமானி உள்ள கலவை ஆலைக்குக் கொடுப்பது.

கேள்வி: சூரியத்தகடு பதித்த வீதி நமக்குச் சரிவருமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: வராது. பிரான்சின் நோர்மண்டியில் 2016 டிசம்பரில் அப்படியொரு வீதியை 1 கிலோமீற்றருக்கு 50 இலட்சம் யூரோ செலவில் திறந்தார்கள். தகடுகள் உடைந்தன, எதிர்பார்த்த மின்சாரமும் வரவில்லை. படுத்த தகட்டில் தூசி படியும், கீழே காற்றோட்டம் இல்லாததால் சூடேறி உற்பத்தி குறையும். அதே தகட்டைப் பாடசாலைக் கூரையில் பூட்டுங்கள்.

கேள்வி: கடை வாசலில் மாரிநீர் தேங்குகிறது. நீர் உறிஞ்சும் கொங்கிறீட் போடலாமா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் போடலாம். மணல் சேர்க்காமல் 10 மி.மீ. கல், சீமெந்து, சீமெந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத தண்ணீர். போட்ட 20 நிமிடத்துக்குள் பொலித்தீனால் மூடி 7 நாள் வையுங்கள். மூடாமல் விட்டால் மேற்கல் உதிரும். துளைகளைக் காற்றில் வரும் மணல் அடைக்கும் என்பதால், மாரிக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் வாக்கும் கிளீனரால் மணலை உறிஞ்சி எடுக்கவேண்டும். நிலத்தடி நீர் மேலெழும் தாழ்ந்த இடமாயின் போடாதீர்கள், தண்ணீர் போவதற்குக் கீழே இடமிருக்காது, வாய்க்கால் வெட்டுங்கள்.