ஜேர்மனியில் நாயும் கயிறும்: மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விதிகள்

அன்புள்ள தங்கைக்கு,

கேல்ன் நகரிலிருந்து ஹனோவருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்துக்கு அண்மையில் குடிமாறிய நீங்கள், ஏப்ரல் மாதத்தில் வயலோரப் பாதையில் உங்கள் லாப்ரடோரைக் கயிறின்றிக் கூட்டிச் சென்றபோது ஒரு முதியவர் கடிந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேல்னில் ஒருவரும் தடுக்காத ஒன்றை இவர் தடுத்ததால், அவர் சொன்னது சட்டமா, நம் நிறத்தைக் கண்டு எழுந்த வெறுப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய மனத்தை நான் அறியேன். அவர் பேசிய விதம் உங்களை நோகச் செய்திருந்தால் அந்த நோவு நியாயமானதே. ஆனால் அவர் சொன்ன செய்தி சட்டம்தான். நீங்கள் இப்போது வாழும் நீடர்சாக்சன் மாநிலத்தில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை, குடியிருப்புகளுக்கு வெளியேயுள்ள காட்டிலும் வயலிலும் புல்வெளியிலும் நாய்கள் கயிற்றிலேயே இருக்க வேண்டும். காவல்துறை நாய், மந்தை மேய்க்கும் நாய் போன்ற பணி நாய்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

இந்தக் காலத்துக்கு ஜேர்மன் மொழியில் 'ப்ரூட் உண்ட் செட்ஸ்சைட்' என்று பெயர். பறவைகள் அடைகாப்பதும் காட்டு விலங்குகள் குட்டி ஈனுவதும் இப்போதுதான். வானம்பாடி, ஆட்காட்டி, கௌதாரி ஆகியவை மரத்தில் அல்லாமல் தரையிலேயே முட்டையிடுபவை. இந்நாட்டு வயல்களில் இவற்றின் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு நாய் கடிக்கவே வேண்டியதில்லை. அது மோப்பம் பிடித்துக்கொண்டு அருகில் வந்தாலே தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும், முட்டைகள் குளிர்ந்துவிடும். பிறந்து சில நாளேயான மான்குட்டி ஆபத்து வந்தாலும் ஓடாமல், புல்லுக்குள் உடலை ஒடுக்கி அசையாமல் கிடக்கும். உங்கள் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், அது அந்தக் குட்டியை விளையாட்டாகப் புரட்டிப் பார்ப்பதே அதற்குத் தீங்கு நேரப் போதும். எனக்கு இந்த விதியில் முழு உடன்பாடு உண்டு. மேலும், வேட்டை உரிமை பெற்றவர் காட்டு விலங்கைத் துரத்தும் நாயைச் சில நிபந்தனைகளின் கீழ் சுடுவதற்கான அதிகாரம் பல மாநில வேட்டைச் சட்டங்களில் இன்றும் இருக்கிறது. ஆகவே கயிறு உங்கள் நாயின் உயிருக்கும் காவல் என்று எண்ணுங்கள்.

கேல்னில் ஏன் வேறாக இருந்தது என்றால், பொது ஒழுங்கும் பாதுகாப்பும் இந்நாட்டில் மாநிலங்களின் பொறுப்பு. விலங்கு நலத்துக்குக் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. நாய்க்குப் போதிய அளவு வெளியில் நடமாட்டம் கொடுக்க வேண்டும் என்ற விதி அதன் கீழ் வருவது. கயிற்றுக்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் இல்லை. 2000 ஜூன் மாதத்தில் ஹம்பேர்க்கின் வில்ஹெல்ம்ஸ்பேர்க் பகுதியில், பள்ளி வளாகத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை நாய்கள் கடித்துக் கொன்றன. அந்தத் துயரத்தின் பின் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே விதி வகுத்தது.

கேல்ன் நகர் இருக்கும் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலம் வகுத்த விதி பெரும்பாலும் மனிதர் கூடும் இடங்களையே நோக்கியது. 40 சென்டிமீட்டர் உயரத்தையோ 20 கிலோ எடையையோ எட்டும் நாய், ஊருக்குள் வீதியில் எப்போதும் கயிற்றில் இருக்க வேண்டும். கடைவீதி, பூங்கா, ஊர்வலம், திருவிழா ஆகியவற்றில் எல்லா நாய்களுக்கும் கயிறு கட்டாயம். ஹம் நகரில் காமாட்சி அம்மன் தேருக்கு வரும் கூட்டத்துக்கும் இது பொருந்தும். அதே மாநிலத்தில் காட்டுப்பாதையில் நாயை அவிழ்த்துவிடலாம், பாதையை விட்டு விலகினால்தான் கட்ட வேண்டும். நீங்கள் பழகியது இந்த ஒழுங்குக்கு. இதற்கு நேர்மாறாக, ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைனில் காட்டுக்குள் ஆண்டு முழுவதும் கயிறு வேண்டும். நீடர்சாக்சன் சூழ்ந்திருக்கும் பிரேமனிலோ, அடைகாக்கும் காலக் கட்டுப்பாடு மார்ச் 15 அன்றே தொடங்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீடர்சாக்சனில் நாய் வளர்ப்பவர் தம் நாயை மாநில நாய்ப் பதிவேட்டில் பதிய வேண்டும். நாய்க்கு அடையாளச் சிப் பொருத்தியிருக்க வேண்டும். நாய் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கான பொறுப்புக் காப்புறுதியும் வேண்டும். 2013 ஜூலை முதல், புதிதாக நாய் வளர்ப்பவர்கள் எழுத்துத் தேர்வும் செயல்முறைத் தேர்வும் எழுதி நாய் வளர்ப்பு அறிவை நிரூபிக்க வேண்டும். முன்பே போதிய காலம் நாய் வளர்த்தவருக்கு விலக்கு உண்டு. கேல்னில் பெற்ற நாய் வளர்ப்பு அறிவுச் சான்றிதழையும் நாய் வரி கட்டிய பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் ஊர் நிர்வாக அலுவலகத்துக்குச் செல்லுங்கள்; அந்தப் பற்றுச்சீட்டுகள் நீங்கள் எவ்வளவு காலம் நாய் வளர்த்தீர்கள் என்பதற்கு நல்ல சான்று. வரி ஊருக்கு ஊர் மாறும், ஆகவே புதிய ஊரில் அதற்கும் பதிய வேண்டும்.

ஜூலை நடுப்பகுதி வரை நாய்க்கு ஓட்டம் வேண்டாமா என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஹனோவர் நகரம் நாய்கள் அவிழ்ந்து ஓடுவதற்கென்றே சில இடங்களை ஒதுக்கியிருக்கிறது. வயல்வெளியில் ஷ்லெப்லைனெ எனப்படும் நீண்ட பயிற்சிக் கயிற்றை மார்புப் பட்டையில் பூட்டிப் பாதையிலேயே நடத்துங்கள். கழுத்துப் பட்டையில் பூட்டினால் நாய் பாய்ந்தோடி நிற்கும்போது கழுத்து காயப்படும்.

கோடையில் பெர்லினுக்கும் பயேர்னுக்கும் போகப்போவதாகச் சொன்னீர்கள். பெர்லினில் 2019 ஜனவரி முதல் பொதுவான கயிற்றுக் கட்டாயம் உண்டு. தேர்வு எழுதிச் சான்று பெற்றவர்களுக்குச் சில தளர்வுகள் இருந்தாலும், பூங்காவிலும் கடைவீதியிலும் அவர்களும் கட்டியே செல்ல வேண்டும். கயிற்றின் நீளமும் அங்கே சட்டத்தில் இருக்கிறது: பேருந்திலும் ரயில் நிலையத்திலும் 1 மீட்டர், பூங்காவில் 2 மீட்டர். ஓட விடுவதற்குக் குரூனவால்ட் காட்டில் பரந்த பகுதி இருக்கிறது. பயேர்னில் மாநிலம் முழுவதற்குமான கட்டாயம் இல்லை. ஒவ்வொரு ஊர் நிர்வாகமும் தானே முடிவு செய்கிறது, பல ஊர்கள் தோள் உயரம் 50 சென்டிமீட்டரைத் தாண்டும் நாயைப் பெரிய நாயாகக் கொள்கின்றன. வளர்ந்த லாப்ரடோர் பொதுவாக அந்த அளவைத் தாண்டிவிடும் என்பதால், தங்கும் ஊரின் இணையதளத்தில் 'லைனன்ப்ஃப்ளிஷ்ட்' (கயிற்றுக் கட்டாயம்) என்ற சொல்லைத் தேடி, விளங்காவிட்டால் புறப்படுவதற்கு முன்பே ஊர் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ரயிலில் போவதானால், ஜேர்மன் ரயில்வேயில் பெரிய நாய்க்குப் பயணச்சீட்டும் கயிறும் வாய்க்கூடும் வேண்டும்; வாய்க்கூட்டை இப்போதே வாங்கி, பயண நாளுக்கு முன் வீட்டில் சிறிது சிறிதாக அணிவித்துப் பழக்குங்கள்.