கா விட்டவர்கள்

அன்புள்ள சார்,

என் மகள் பத்தாம் வகுப்பு. பரீட்சை நேரத்தில் ‘ரேஸ்கல் டஸ் நாட் ட்ரீம் ஆஃப் பன்னி கேர்ள் சென்பாய்’ என்ற ஜப்பானிய அனிமேயை விடாமல் பார்க்கிறாள். நானும் எட்டிப் பார்த்தேன். முயல் காது வைத்து, நீச்சலுடை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நூலகத்தில் நடக்கிறாள். டிவியை அணைத்துவிட்டேன். நீங்கள் இந்தத் தொடரைப் புகழ்ந்து பேசியதாக நண்பர் சொன்னார். பிள்ளைகள் பார்க்கலாமா? எந்த வரிசையில் பார்ப்பது? பேய்க்கதையில் என்ன இலக்கியம் இருக்கிறது?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

வரிசை சுலபம். முதலில் 2018-இல் வந்த 13 பகுதிகள், அப்புறம் 2019-இல் வந்த திரைப்படம். பின்னால் வந்தவற்றை அதற்குப் பிறகு பார்க்கலாம். இலக்கியக் கேள்வியை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நீங்கள் அணைத்த காட்சிக்கு வருகிறேன். நூலகம் நிறைய ஆட்கள். அந்த உடையில் ஒரு பெண் நடந்து போகிறாள், ஒருவர்கூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கவனித்தீர்களா? நீங்கள் உடையைப் பார்த்தீர்கள். அவளை யாரும் பார்க்காததைப் பார்க்கவில்லை. தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று சோதிக்கத்தான் அவள் அந்த உடையையே போட்டாள்.

அவள் பெயர் சகுராஜிமா மை. குழந்தை நட்சத்திரமாகப் புகழ்பெற்று, நடிப்பை நிறுத்திவிட்டவள். ஃபுஜிசாவா பக்கம், கடலோரமாக எனோடென் ரயில் ஓடும் ஊரில் படிக்கிறாள். பள்ளியில் அவளோடு யாரும் பேசுவதில்லை. ஜப்பானியர்கள் ‘கூகி’ என்பார்கள், காற்று என்று பொருள். கூகியைப் படி என்றால் கூட்டத்தின் போக்கைப் புரிந்து நடந்துகொள் என்று அர்த்தம். அந்தப் பள்ளியின் காற்று, மையைக் கண்டுகொள்ளாதே என்கிறது. எல்லோரும் கேட்கிறார்கள். மெல்ல மெல்ல அவள் ஊர்க்காரர்கள் கண்ணிலிருந்தும் மறைகிறாள். கடைசியில் பெற்ற தாய்க்கே அவள் நினைவில் இல்லை. கதையில் இதற்கு வளரிளம் பருவ நோய்க்குறி என்று பெயர். பேய் எங்கேயும் வரவில்லை, அம்மா. பேய் என்றால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்பது பேர்தான்.

அவளைப் பார்க்க முடிகிறவன் அதே பள்ளியில் படிக்கும் சகுதா ஒருவன். மூன்று பேரை அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன் என்று அவன் மேல் ஒரு பொய் வதந்தி. அவனும் ஒதுக்கப்பட்டவன். ஆனால் தூங்கி எழுந்தால் அவனுக்கும் அவள் மறந்துபோகும். மறக்கிறான். பிறகு ஜப்பானிய மொழிப் பரீட்சையில் ஒரு கேள்வி, அவள் சொல்லிக்கொடுத்த எழுத்து. பேனா நிற்கிறது. எழுந்து மைதானத்துக்கு ஓடி, மொத்தப் பள்ளியும் கேட்க, மையைப் பிடித்திருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்துகிறான். அவள் வந்து ஓங்கி ஓர் அறை விடுகிறாள். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறாள்.

இந்தக் கதை வரும் முதல் மூன்று பகுதிகளைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் நாங்கள் ஒரு பெண்ணோடு கா விட்டோம். காப்பி அடித்ததை டீச்சரிடம் சொன்னவள் அவள்தான் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. சின்ன வயதில் கா விட்டால் நாலு நாளில் பழம் விட்டுவிடுவோம். இது டிசம்பர் வரை போனது. அவளோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. முன் பெஞ்சிலிருந்து திரும்பி அவள் ரப்பர் கேட்டாள். என் பெட்டியில் இரண்டு இருந்தன. ஜன்னலைப் பார்த்தேன். அவள் சற்று நேரம் கையை நீட்டியபடியே இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பிறகு தப்பாக எழுதியதை எச்சில் தொட்டு அழித்தாள், தாள் கிழிந்தது.

நான் கெட்டவனில்லை என்று எத்தனையோ முறை எனக்கே சொல்லியிருக்கிறேன். நான் அவளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதுதானே விஷயம்! நாற்பது பேரில் ஒருவரும் திட்டவில்லை. யாரைக் குற்றம் சொல்வாள்? டீச்சரிடம் போய் என்னவென்று புகார் சொல்வாள், ரப்பர் தரவில்லை என்றா? வீட்டில் சொன்னால், ‘படிக்கிற வேலையைப் பார்’ என்பார்கள். உங்களைப் போல.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகள் பரீட்சை எழுதுவது இருக்கிறது, பார்ப்பது இருக்கிறது. அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை. நண்பரிடம் கேட்டீர்கள், முன்பின் தெரியாத எனக்கு எழுதினீர்கள், பக்கத்து அறையில் இருப்பவளிடம் ‘இதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது’ என்று கேட்கவில்லை. ஒருவேளை அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லாமல் இருக்கலாம், கதை நன்றாக இருக்கிறது என்பதற்காகவே பார்க்கலாம். அதுவும் நல்ல காரணம்தான்.

பார்க்கலாமா என்று கேட்டீர்கள். சகுதாவுக்கு வாய்த்துடுக்கு அதிகம், விரசமாகவும் பேசுவான். பதினைந்து வயதுக்குப் பரவாயில்லை. நீங்களும் கூட உட்காருங்கள். கடைசி மூன்று பகுதிகளில் அவன் தங்கை கயேதேயின் கதை வருகிறது. போனில் வந்த வசைகளைப் படிக்கப் படிக்க உடம்பில் தானாகக் காயம் விழுந்து, வீட்டை விட்டு வெளியே வராமல் போனவள். அதை உங்கள் மகள் தனியாகப் பார்க்க வேண்டாம்.

நாங்கள் கா விட்ட அந்தப் பெண் ஜனவரியில் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அந்த மாதங்களில் அவள் குரலை நாங்கள் கேட்டது காலையில் ஒரே ஒரு முறை, வருகைப் பதிவின்போது. ‘உள்ளேன் டீச்சர்.’