மூன்றாவது முறை நீட் வேண்டாம், அம்மா

விருதுநகரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளுக்கு இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் கொழுந்தனார், நிலத்தை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி என்ன பயன்? நிலத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்கள் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறினால்தான் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியும். எழுதுபவர்களில் பெரும்பாலோர் அதில் தேறுவதில்லை. இதைக் கொழுந்தனார் சொன்னாரா?

கொரோனா சமயத்தில் அவள் தினமும் மாவட்டவாரியாகத் தொற்று எண்ணிக்கையை நோட்டில் எழுதி வரைபடம் போட்டாள் என்று குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான்.

நோயோடு போராட டாக்டராகத்தான் வேண்டும் என்பதில்லை. 2011-இல் ஜெர்மனியில் ஒரு கொடிய ஈ.கோலை கிருமி பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. கடைசியில் முளைகட்டிய வெந்தயம்தான் காரணம் என்று தெரிந்தது. அந்தக் கிருமியின் மரபணு வரிசையைச் சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள பி.ஜி.ஐ. ஆய்வகம் படித்து, ஜூன் 2 அன்று இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. துண்டு துண்டாக இருந்த அந்தத் தரவை 24 மணி நேரத்துக்குள் வேறொரு நாட்டில் கோத்து முடித்தார்கள். ஐந்தே நாளில், இந்தக் கிருமியை மட்டும் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கான வடிவமைப்பு வெளிவந்தது. அதில் உழைத்த பலர் ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்க்காதவர்கள். 2020 ஜனவரியிலும் அப்படித்தான்: கொரோனா வைரஸின் சுமார் 30,000 வேதி எழுத்துகள் நீளமுள்ள மரபணு வரிசை இணையத்தில் வந்த சில நாட்களுக்குள் பெர்லினில் பரிசோதனை முறை தயாரானது, அமெரிக்காவில் தடுப்பூசி வடிவமைப்பும் முடிந்தது.

மரபணுத் தரவைக் கணினியில் அலசும் இந்த வேலைக்குப் பெயர் உயிர்தகவலியல். உங்கள் மகளுக்கு நான் சொல்லும் வழி இதுதான். பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. நுண்ணுயிரியலோ புள்ளியியலோ சேரட்டும். கூடவே பைத்தான், ஆர் என்ற நிரல் மொழிகளையும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் பழகட்டும். அப்புறம் எம்.எஸ்சி. உயிர்தகவலியல், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நோய்ப்பரவல் பக்கம் மனம் போனால், சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. தமிழக அரசே 2021-இல் சென்னையில் மரபணு வரிசை ஆய்வகம் திறந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி.யோடு நின்றால் இந்தத் துறையில் வேலை கிடைப்பது கஷ்டம். ஆய்வகங்களில் ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள், சம்பளமும் சுமார்தான். முன்னேற வருடங்கள் ஆகும். ஆனால் கடன் இல்லாமல் அந்த வருடங்களைக் கடக்கலாம். உயிர்தகவலியல் என்ற பெயரைச் சொல்லி நன்கொடை கேட்கும் தனியார் கல்லூரிக்கு மட்டும் போகவே வேண்டாம். இந்தப் படிப்புக்கு விலையுயர்ந்த கட்டடம் தேவையில்லை. ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும்.

அவளுக்கு உண்மையிலேயே ஆர்வமா என்று செலவில்லாமல் பார்த்துவிடலாம். நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் தளத்தில் வைரஸ்கள் நாடு நாடாகப் பரவிய கிளைப்படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை வரையும் நிரலும் திறந்தே இருக்கிறது. ஒரு மாதம் அதில் உட்காரட்டும். நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்தால் இந்த வழியில் போகட்டும். சலித்துப்போனால் புள்ளியியலை மட்டும் படிக்கட்டும். அதற்கு வங்கியிலும் மருந்து நிறுவனங்களிலும் வேலை இருக்கிறது. எதுவானாலும் அவளே சொல்லட்டும், சித்தப்பா அல்ல.